சங்கத்தோடு காட்டுக்குப் போனது

பிரெஞ்சுக் குடியுரிமைக்கான என் முதல் நேர்முகத்தைக் கெடுத்தது சங்கங்கள்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவிதமாகத்தான் கேட்டார்: "நீங்கள் ஏதாவது சங்கத்தில் இருக்கிறீர்களா?" அதுவரை அரசர்கள், புரட்சி, ஆறுகள் என்று எல்லாவற்றிலும் தடுக்கித் தடுக்கி வந்த எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊர் முன்னேற்றச் சங்கத்தில் உபதலைவர் என்றேன். பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தில் செயற்குழு. கோயில் திருவிழாச் சபை. ஊர் வாசிகசாலையின் பாரிஸ் கிளை. சனசமூக நிலையத்தின் பாரிஸ் கிளை. கரப்பந்தாட்டக் கழகத்துக்குக் காப்பாளர். நான் பந்தைத் தொட்டு எத்தனையோ வருடம், அது வேறு கதை. கடைசியாக, ஊர் முன்னேற்றச் சங்கம் சண்டைபிடித்து இரண்டாக உடைந்தபோது உண்டான மற்றச் சங்கத்திலும், ஒருத்தரும் கோபிக்கக்கூடாது என்பதற்காக, சாதாரண உறுப்பினர். மொத்தம் ஏழு. விரலை மடக்கி எண்ணிக் காட்டினேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதினார். பெயர்களுக்கு நானே எழுத்துக்கூட்டியும் உதவினேன்.

சில மாதத்தில் கடிதம் வந்தது. இரண்டு வருடம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. என் மகள் இங்கே பிறந்தவள். அவள்தான் வாசித்துச் சொன்னாள். "அப்பா, உங்கடை அசோ, அதான் சங்கம், எல்லாம் தமிழ் ஆக்களோட மட்டும்தானாம். பிரெஞ்ச் ஆக்களோட உங்களுக்குப் பழக்கம் காணாதாம்." ஏழு சங்கத்துக்குப் பதில் ஒரு சங்கத்திலும் இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன்.

பிழை என் பேரில் மட்டும் இல்லை என்று இப்போதும் சொல்வேன். நான் வேலை செய்தது ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில். அங்கே முதலாளி தமிழ், வாடிக்கையாளர் தமிழ், சண்டை தமிழ். கோப்பை கழுவ வந்த மாலி நாட்டுக்காரரோடாவது பிரெஞ்சு பேசிப் பழகலாம் என்றிருந்தேன். ஆறு மாதத்தில் அந்த மனுசன், "அண்ணை, சோறு முடிஞ்சுது, உலை வையுங்கோ" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். நான் என்ன செய்ய?

மனைவி பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டி அதட்டி அவளுக்குப் பிரெஞ்சு ஆறாக ஓடும். அவளுக்கு முதல் தரமே குடியுரிமை கிடைத்துவிட்டது. மகளுக்கும் இருந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மனைவி சொன்னாள்: "சரி விடுங்கோப்பா. வீட்டில ஒரு வெளிநாட்டுக்காரர் இருக்கிறதும் ஒரு வடிவுதான்."

இவளோடு பேசிப் பிரயோசனமில்லை. எனக்கு அப்போது பகிடி விடுகிற நிலைமை இல்லை, ஏனென்றால் லண்டனில் அக்காவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, கலியாணம் பேசி முற்றாகியிருந்தது.

எங்கள் கடைவாசலில் இருந்து கார் து நோர் நிலையத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். லண்டன் றெயில் அங்கிருந்துதான் புறப்படும். ஏறினால் இரண்டரை மணித்தியாலத்தில் அக்காவின் ஊர். ஆனால் என் கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதற்கு லண்டன் விசா வேண்டும். இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் கிடைக்கவில்லை. அங்கே எந்த நல்லது நடந்தாலும் மனைவியும் மகளும் போவார்கள். நான் அவர்களை நிலையம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து வெங்காயம் வெட்டுவேன். திரும்பி வரும்போது எனக்குத் தயிர்ப் பெட்டியில் பலகாரம் வரும்.

2009இல் இந்த மருமகள் சாமத்தியப்பட்டு, வயதுக்கு வந்தபோதும் அப்படித்தான். தாய்மாமன் தேங்காய் உடைத்துத் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். நான் பாரிஸ் வீட்டுச் சமையலறையில் லப்டொப்புக்கு முன்னால் நின்று ஸ்கைப்பில் உடைத்தேன். அங்கே அக்கா என் சார்பில் செம்பைச் சரித்தார். படமும் சத்தமும் பிந்திப் பிந்தித்தான் போனதாம். பிள்ளை முழுக நனைந்து, தலை துவட்டி முடித்த பிறகுதான் மாமனின் தேங்காய் உடைந்தது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கலியாணத்தை அப்படிச் செய்ய முடியாது. அத்தான் காலமாகிவிட்டார். தகப்பன் இடத்தில் நின்று பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க நானும் மனைவியும்தான் மிச்சம். அக்கா தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீ வரேலாட்டி பேர்மிங்கத்தாரைத்தான் கேக்கவேண்டி வரும், தம்பி. கோவியாதை."

பேர்மிங்கத்தார் என்பது அத்தானின் தம்பி. பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறார். எந்தக் கலியாணத்திலும் ஒலிவாங்கியைப் பிடித்தால் பந்தி முடியும்வரை விடமாட்டார். அந்த மனுசன் என் மருமகளைத் தாரை வார்ப்பதா? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை படிப்பை முடித்து வேலையில் அமரட்டும் என்று கலியாணத்தை மூன்று வருடத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். அதில் இரண்டை அந்தக் கடிதம் விழுங்கிவிட்டது.

ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேல் முனையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருந்தது. லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுவதுக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் அந்தக் கடைக்காரர்தான். என் கடிதத்தை வாசித்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"அண்ணை, உங்களுக்கு ஒரு வெள்ளைச் சங்கம் வேணும். ஒரு வருசம் அதில நிண்டு, தலைவரிட்டை ஒரு கடிதம் வாங்குங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"என்ன சங்கம்?"

"பாட்டுக்குழு இருக்கு."

"நான் பாடினா இருக்கிற பத்திரத்தையும் பறிச்சுப்போடுவினம்."

"அப்ப நடைச் சங்கம். ஞாயிற்றுக்கிழமையில காட்டுக்குள்ள நடக்கிறது. நடக்கிறதுக்கு என்ன பிரெஞ்சு, அண்ணை?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் ஐரோப்பாவுக்குள் வந்ததே காட்டுக்குள்ளால் நடந்துதான். தை மாதப் பனியில் பதினொரு நாள், எல்லை தாண்டி, காசுக்கு ஆள் கடத்துகிற ஏஜென்றின் ஆள் ஒருவனுக்குப் பின்னால். காட்டுக்குள்ளால் வந்து சேர்ந்தவனை, வந்தது போதாது, இன்னொருதரம் காட்டுக்குள் நடந்து காட்டு என்கிறார்கள்.

சேர்ந்தேன். முதலாளியும் ஒரு காலத்தில் அகதியாக வந்தவர்தான். குடியுரிமைக்கு என்றதும் ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு மறுப்புச் சொல்லவில்லை. சங்கத்தில் இருந்து வந்த தகவலில், ஒவ்வொருவரும் தன் தன் மதியச் சாப்பாட்டைக் கொண்டு வரவும் என்றிருந்தது. மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"தன்ரை தன்ரை சாப்பாடோ? முதன்முதலாப் போற இடத்துக்கு அப்பிடி வெறுங்கையோட போறதே? என்ன நினைப்பினம்?"

அதுவும் நியாயமாகப் பட்டது. நாற்பது மட்டன் றோல்ஸ், முப்பது வடை, பெரிய பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணீர் என்று ஆயத்தம் பண்ணினேன். இதெல்லாம் முதுகுப்பைக்குள் போகுமா? சந்தைக்குப் போகும்போது இழுத்துக்கொண்டு போகிற சில்லுப்பைக்குள் அடுக்கினேன். காலில் சமையலறையில் போடும் வழுக்காத சப்பாத்து. இந்தக் கோலத்தில் கார் து லியோன் நிலையத்தில் போய் நின்றேன். ஏழெட்டு ஓய்வூதியக்காரர், எல்லார் கையிலும் ஊன்றுதடி, முதுகில் சின்னப் பை. அவர்கள் என்னைப் பார்த்தார்கள், என் பையைப் பார்த்தார்கள். நான் றெயில் மாறி வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

சங்கத்தின் தலைவி எழுபது தாண்டிய ஒரு மதாம், ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். பழக்கம் விடுமா? படி ஏறினால் தலை எண்ணுவார், படி இறங்கினால் தலை எண்ணுவார். "என்னோடு ஒன்பது" என்று சொல்லிவிட்டு என் சில்லுப்பையை ஊன்றுதடியால் மெல்லத் தட்டினார். "இதற்குள் யாரும் இல்லையே?"

ஃபொந்தேன்புளோ காட்டுக்குப் போய் இறங்கினோம். நடக்கப் பிரெஞ்சு தேவையில்லை என்று சொன்ன அந்தப் போட்டோக்கொப்பிக் கடைக்காரரை அன்றைக்கு முழுக்கத் திட்டினேன். எனக்குத் தெரிந்த காட்டு நடையில் வாயே திறக்கக்கூடாது. இருமல் வந்தாலும் கையைக் கடித்துக்கொண்டு இரும வேண்டும். இவர்கள் என்றால் வாய் மூடவில்லை. மூட்டு வலி, பேரப்பிள்ளை, அரசாங்கம், வெண்ணெய் விலை என்று ஒன்பது மணிக்குத் தொடங்கிய கதை. ஆளுக்கு ஆள் மாறி என் பக்கத்தில் வந்து கேள்வி கேட்டார்கள். எனக்கு 'ஓம்', 'இல்லை', 'நல்லம்' மூன்றும் முதல் கிலோமீற்றரிலேயே தீர்ந்துவிட்டன.

பாதை வெறும் மணல். சில்லு மணலில் புதைந்தது. கல்லில் ஏறினால் கவிழ்ந்தது. ஒரு கிழவரின் சின்ன நாய் மட்டும் என் பையை விட்டு விலகாமல் கூடவே வந்தது. இறைச்சி மணம் அதற்குத் தெரிந்திருந்தது.

பிறகு பழங்காட்டுக்குள் நுழைந்தோம். அங்கே ஒருவரும் கோடரி வைப்பதில்லையாம். ஓக் மரங்களும் பீச் மரங்களும் நூற்றுக்கணக்கான வருடமாகத் தங்கள்பாட்டில் வளர்ந்து, தங்கள்பாட்டில் விழுந்து, விழுந்த இடத்திலேயே உக்கிக் கிடக்கின்றன. நாலு பேர் கைகோத்தால்தான் ஒரு அடிமரம் பிடிபடும். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குக் கதவும் கட்டிலும்தான் கண்ணில் தெரிந்தன. இவ்வளவு மரத்தை வீணாக உக்கவிட்டிருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது. பிறகு மெல்ல மெல்ல அந்தக் குளிர்ச்சியும் பச்சை வெளிச்சமும் உள்ளே இறங்கின. மேலே பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். காட்டில் மேலே பார்த்து நடக்கலாம் என்பதே எனக்குப் புதிது.

மதாம் எல்லோரையும் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி அதன் பேச்சைக் கேட்கச் சொன்னார். கடிதம் வேண்டுமே, கட்டிப்பிடித்தேன். மரம் ஒன்றும் சொல்லவில்லை. எறும்புதான் சட்டைக்குள் போனது. "என்ன உணர்ந்தீர்கள்?" என்று கேட்டார். "கடி" என்றேன். ஆழமான பதில் என்று நினைத்துத் தலையாட்டினார்.

மதியம் இரண்டு செக்கோயாச் செம்மரங்களுக்குக் கீழே உட்கார்ந்தோம். அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து நட்டவையாம், கழுத்து நோகப் பார்த்தாலும் நுனி தெரியாது. பட்டை மெத்தை மாதிரி; குத்தினாலும் கை நோகாது என்று ஒவ்வொருவரும் ஒரு குத்து விட்டுக் காட்டினார்கள். வந்து நூற்றைம்பது வருடம் இருக்குமாம். ஆனாலும் எல்லோரும் அவற்றை "அமெரிக்கர்கள்" என்றுதான் சொன்னார்கள். நானும் பக்கத்தில் போய், உமக்கும் இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லிக் கடிதம் வந்ததோ என்று தமிழில் கேட்டுவிட்டு வந்தேன்.

றோல்ஸைத் திறந்ததும் நிலைமை மாறியது. முதலில் கடித்தவர் இருமி, கண்ணீர் விட்டு, தண்ணீர் குடித்து, இரண்டாவதை எடுத்தார். அதற்குப் பிறகு அவர்களுடைய பாணையும் சீஸையும் ஒருவரும் தேடவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது. கடிதம் பாதி எழுதியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்து நடக்கிறோம். பாதை திரும்புகிற இடத்தில், முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். பச்சை உடுப்பு, தொப்பி, இடுப்பில் பட்டி. காட்டு அதிகாரிகள்.

அடுத்து நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. என் உடம்பு செய்தது. யோசிக்கும் முன்பே நான் பாதையை விட்டுப் பாய்ந்து, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தேன். முகம் உக்கல் இலைக்குள். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது, மற்றக் கை சில்லுப்பையைக் கட்டிப்பிடித்திருந்தது. காட்டில் உடுப்புக்காரரைக் கண்டால் விழு, மூச்சு விடாதே என்று ஏஜென்றின் ஆள் பழக்கியது அத்தனை வருடம் கழித்தும் அப்படியே இருந்தது.

அந்தப் பக்கம் எல்லோரும் அதிகாரிகளோடு சந்தோசமாக உண்ணி கடிப்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது கேட்டது. அப்போதுதான் எனக்கு மூளை வந்தது. டேய், நீ பிரெஞ்சு விசா உள்ளவனடா, சங்கத்துக்குச் சந்தா கட்டியவனடா, எழும்படா என்று என்னையே ஏசினேன். ஆனால் எழும்பி என்ன சொல்ல? வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் தாழப் படுத்தேன்.

மதாம் தலை எண்ணினார். எட்டு. திரும்ப எண்ணினார். எட்டு. கணக்குப் பிழைத்தால் அவர் விடுவாரா? "ஒருவர் குறைகிறார்" என்று அதிகாரிகளிடம் சொன்னார். அவ்வளவுதான், நான் எந்த அதிகாரிகளுக்குப் பயந்து ஒளித்தேனோ அவர்களே என்னைத் தேடத் தொடங்கினார்கள். "மிசியே! மிசியே!" என்று காடு முழுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கடைசியில் கண்டுபிடித்தது நாய். நேரே வந்து சில்லுப்பைக்குள் தலையை விட்டது.

இலையைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன். பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். வாயில் வந்த ஒரே பிரெஞ்சுச் சொல் காளான். "காளான் பார்த்தேன்" என்றேன். அதிகாரியின் முகம் மாறியது. அந்த இடத்தில் காளான் பிடுங்கக்கூடாதாம். பையைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். ஒன்பது றோல்ஸும் பதின்மூன்று வடையும் இருந்தன. அவர் ஒரு றோல்ஸை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த வகைக் காளான் என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். பிறகு அதைத் தின்றுவிட்டுப் போனார்.

கடிதம் போயிற்று, பேர்மிங்கத்தார் ஒலிவாங்கியைப் பிடிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நடந்தேன். மதாம் நடையைக் குறைத்து என் பக்கத்தில் வந்தார்.

"யாரிடம் இருந்து ஒளித்தீர்கள்?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. "நான் நடக்க. முந்தி. வேற காடு. பனி. பதினொரு நாள். பொலிஸ் வர, விழ." இந்த மாதிரித்தான் என் பிரெஞ்சு. ஆனால் நிற்காமல் ஒரு மணித்தியாலம் வந்தது.

அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "நாளுக்கு எத்தனை கிலோமீற்றர்?" என்றார்.

தெரியாது என்றேன். என்ன சப்பாத்து? கான்வஸ். ஊன்றுதடி? இல்லை. ஏற்றம் எவ்வளவு? மதாம், குளிர்தான் ஏற்றம். அவர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். பிறகு முன்னால் போனவர்களைப் பார்த்துக் கத்தினார்: "கேட்டீர்களா? இவர் தை மாதத்தில், தடி இல்லாமல், பதினொரு நாள், குறைந்தது இருநூறு கிலோமீற்றர்!" எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் தன் ஊன்றுதடியில் ஒன்றை எனக்குத் தந்தார். நான் ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். இவர்கள் அதை ஒரு நல்ல நீண்ட நடை என்று எடுத்துக்கொண்டார்கள். கோபம் வரவேண்டும், வரவில்லை. அதுவரை ஒருவரும் அதற்காக என்னை மெச்சியதில்லை.

அவர்கள் முன்னால் போன பிறகு மிச்சத்தை மதாமுக்கு மட்டும் சொன்னேன். தொடங்கும்போது நாங்கள் பதினாலு பேர். எனக்கு முன்னால் நடந்தவர், பெயர் தெரியாது, பெயர் சொல்லக்கூடாது என்பது கட்டளை, எட்டாம் நாள் ஒரு மரத்தடியில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். "நீங்கள் போங்கோ தம்பி. நான் கொஞ்சம் ஆறி வாறன்" என்றார். ஏஜென்றின் ஆள் என்னைப் பிடித்து இழுத்தான். நான் போனேன். பதின்மூன்று பேர் வந்து சேர்ந்தோம். இதை நான் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

அந்தக் கணக்கை மதாம் ஒருவருக்கும் கத்திச் சொல்லவில்லை. சில்லுப்பையின் பிடியில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிலையம்வரை என்னோடு இழுத்தார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் போனேன். எனக்குச் சங்கத்தில் பெரிய மதிப்பு. பாதை பிரிகிற இடங்களில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். எனக்கு என்ன தெரியும்? அந்தப் பதினொரு நாளும் நான் பார்த்தது முன்னால் போனவரின் முதுகை. நான் காட்டிய வழியால் போய் இரண்டு தரம் றெயிலைத் தவறவிட்டோம். அப்படியும் மதிப்புக் குறையவில்லை. பேசிப் பேசி என் பிரெஞ்சும் ஒரு மாதிரித் தேறியது.

வருட முடிவில் மதாம் கடிதம் தந்தார். இரண்டு பக்கம், அழகான கையெழுத்து. மகள் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவள் நடுவில் இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். "இவர் எங்கள் சங்கத்தின் மிகச் சிறந்த நடையாளர். கிழக்கு ஐரோப்பாவின் காடுகளைப் பனிக்காலத்தில் கால்நடையாகக் கடந்து பிரான்சுக்கு வந்தவர்."

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லியாக வேண்டும். என் அகதி வழக்கில் நான் பாரிசுக்கு விமானத்தில் வந்து இறங்கியதாகத்தான் எழுதியிருக்கிறது. எந்த நாட்டுக் காட்டுக்குள்ளால் வந்தாயோ அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், விமானம் என்று சொல் என்று ஏஜென்ற் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். விமானத்துக்குள் தந்த சாப்பாடு என்ன என்றுகூட நான் விவரமாகச் சொல்லியிருக்கிறேன்.

போட்டோக்கொப்பிக் கடைக்காரர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணை, இதைக் குடுத்தியளெண்டா லண்டனுக்கில்லை, கொழும்புக்குத்தான் ரிக்கற்."

அடுத்த ஞாயிறு நடக்கும்போது மதாமிடம் விசயத்தைச் சொல்லி, அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"உங்களைப் பற்றி எழுதக்கூடிய நல்ல விசயமே அதுதானே" என்றார்.

"அதுதான் மதாம் என்னை வெளியே அனுப்பும்."

"நான் நாற்பது வருடம் பிள்ளைகளின் பொய்க்கணக்கைச் சிவப்பு மையால் வெட்டியவள்" என்றார். முகம் சிவந்திருந்தது. அதன்பிறகு ஒரு மணித்தியாலம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சங்கத்தில் நான் கண்ட முதல் மௌனம் அது. பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து, பையில் இருந்து தாளை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினார். சங்கத்தில் மூன்று தரம் உண்டு: தொடக்கக்காரர், பழகியவர், தேர்ந்தவர். "இவர் தொடக்கக்காரர். ஒழுங்காக வருகிறார். எல்லோரோடும் பழகுகிறார். அளவுக்கு மிஞ்சிச் சாப்பாடு தூக்கிக் காவுவதால் முன்னேற்றம் மெதுவாக இருக்கிறது." கையொப்பம் வைத்து என் கையில் தந்துவிட்டு, "இதில் கணக்கு எனக்குச் சரிவரவில்லை" என்றார்.

மருமகளின் கலியாணத்துக்கு நான் போனேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒருவரும் ஏங்கத் தேவையில்லை. தாரை வார்த்தது நாங்கள்தான். பேர்மிங்கத்தார் ஒலிவாங்கியைப் பிடித்தது பிடித்ததுதான், அதை எந்தக் குடியுரிமையாலும் தடுக்க முடியாது. ஆனால் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது கலியாணம் இல்லை, அதற்கு முந்திய அந்த இரண்டாவது நேர்முகம்.

இந்தமுறை வேறு ஒரு பெண். மதாமின் கடிதத்தை வாசித்துவிட்டு முகம் மலர்ந்தார். எந்தக் காடு என்று கேட்டார். சொன்னேன். ஓக் மரம், மணல், செம்மரத்தின் பட்டை, உண்ணி என்று நான் பேசப் பேச அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். அவரும் விடுமுறைக்கு நடப்பவராம். என் கோப்பு அவருக்கு முன்னால் தடிப்பாகக் கிடந்தது. அதற்குள் எங்கோ ஒரு தாளில் நான் ஏறாத விமானம் இருந்தது.

"இதற்கு முன்பு எப்போதாவது காட்டில் நடந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை மதாம். இதுதான் முதல் தரம்."

அந்தப் பதினொரு நாளையும் இல்லை என்றேன். ஆறி வருகிறேன் என்று மரத்தடியில் இருந்தவரையும் சேர்த்து இல்லை என்றேன். கண் கலங்கிவிட்டது. எனக்கு அவ்வளவு வெட்கம் வாழ்க்கையில் வந்ததில்லை. அந்தப் பெண் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்.

"தொடக்கக்காரர் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று ஆறுதலாகச் சொன்னார். "நல்ல சப்பாத்து வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள். முக்கியமாக, பனிக்காலத்தில் காட்டுக்குள் போகவேண்டாம். பழக்கம் இல்லாதவர்களுக்கு அது ஆபத்து."

"போகமாட்டேன் மதாம்" என்றேன். அந்தப் பனிக்காட்டைப் பற்றி அன்றைக்கு நான் சத்தியமாகச் சொன்னது அது ஒன்றுதான். அவர் பேனையை எடுத்து அடுத்த கேள்விக்குப் போனார்.